நடுவில் ஆள் வைத்துப் பேசும் வீடு

பெரம்பலூர் பக்கம் ஆவணப்படம் எடுக்கப் போகிறோம், என்ன கொண்டுபோக வேண்டும் என்று வாசகர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் போனது எண்பத்து நான்கு மாசியில், ஒரு மெட்ராஸ் இயக்குநருக்கு ஒலிப்பதிவாளராக. அப்போது பெரம்பலூர், அரியலூர் இரண்டும் திருச்சி மாவட்டம்தான். பண்ணையாள் குடும்பம் ஒன்றில் அடி எப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்பதுதான் படம். இயக்குநர் அதைப் பற்றி நிறையப் படித்திருந்தார். அடிபட்டவர்களில் ஒருவரையும் அதுவரை பார்த்ததில்லை.

காலை 5.40க்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினோம். இயக்குநர், கேமராமேன், நான், ஆறு பெட்டிகள். பஸ் ஸ்டாண்டில் தனம் காத்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவர். திருச்சியில் ஒரு பயிற்சிக்கு வந்த இடத்தில் இயக்குநரைப் பிடித்து, "எங்க வூட்டுல வந்து எடுங்க" என்றவர் அவர்தான். ஐப்பசியில் அவர் கணவர் கலியபெருமாள் அடித்ததில் மகள் கலாவுக்குக் கை முறிந்தது. அன்றே மகளை அழைத்துக்கொண்டு அரியலூர் பக்கம் விக்கிரமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர். இரண்டு ரூபாய், ஒரு மணி நேரம். பெட்டிகளுக்குத் தனி டிக்கெட். அதைக் கிழித்த கண்டக்டர் கேட்டார்:

"சினிமாவா சார்? யாரு நடிக்கிறா?"

"யாரும் நடிக்கவில்லை," என்றார் இயக்குநர்.

"அப்ப யாரு பாக்கறது?"

இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆவணப்பட உலகம் இன்றும் அந்தத் திசையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தனம் முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னார்: "மாமனாரோட அப்பாவ பண்ணையார் களத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. அவரு வூட்டுக்கு வந்து மாமனார அடிச்சாரு. மாமனாரு இவர அடிச்சாரு. இவரு எம்பொண்ண அடிக்கிறாரு. கட்டி வச்சு அடிச்சவன் செத்து எந்தக் காலமோ ஆச்சு. இன்னிக்கி அப்பனும் மவனும் இத வாய் தொறந்து பேசணும். பேசலன்னா சாயங்கால பஸ்ஸுல நான் போயிட்டே இருப்பேன். அப்புறம் அந்த வூட்டுக்கு நானும் கலாவும் வர்ற பேச்சே இல்ல."

பெரம்பலூரில் டீ குடித்துவிட்டு 8.10 செட்டிகுளம் பஸ்ஸைப் பிடித்தோம். ஒரு ரூபாய் நாற்பது பைசா. மலைமேல் முருகன் கோவில் தெரிந்ததும் இறங்கி, மூன்று கிலோமீட்டர் மாட்டு வண்டி. ஐந்து ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசாதீர்கள், மாடு மெதுவாகிவிடும்.

வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு. மாமனார் நல்லமுத்து வெளியே கட்டிலில் இருந்தார். கலியபெருமாள் கொத்தனார், வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். அப்பனும் மகனும் பதினோரு வருடமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் அது பேசாமல் இருப்பது ஆகாது. நடுவில் ஓர் ஆள் இருந்தால் போதும். "கஞ்சி குடிச்சாச்சான்னு கேளு" என்று அந்த ஆளிடம் சொல்வார்கள், பதிலும் அவர் வழியாகவே வரும். இத்தனை வருடம் அந்த ஆள் தனம். அவர் போனபின் வீட்டில் பேச்சு அடியோடு நின்றுவிட்டது.

கேமரா ஓடியது. நல்லமுத்து இயக்குநரைப் பார்த்து, "சார், அவங்கிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தார்.

"கட். ஐயா, அவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."

இருவரும் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு சொல்கூட வரவில்லை. இப்படி நான்கு முறை. ஒரு பிலிம் சுருள் பதினோரு நிமிடம் ஓடும். மூன்று சுருள் முழுக்க மௌனத்தைப் பதிவு செய்தேன். மிகத் துல்லியமாக வந்திருந்தது.

மூன்றரை மணிக்கு இயக்குநர் பெட்டிகளை மூடச் சொன்னார். தனம் குறுக்கே வந்து நின்றார்.

"சார், மாமனாரு சொல்றத இவருகிட்ட சொல்லுங்க. இவரு சொல்றத அவருகிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான்."

"படத்தில் நான் வரக் கூடாதம்மா."

"பின்ன எதுக்கு உங்கள கூட்டியாந்தேன்? உங்க மிசினுக்கா? இந்த அடி விசயத்த நான் எடுத்துச் சொன்னா அது என் பேச்சுங்கறாங்க. வெளியாளு ஒருத்தர் நடுவுல வேணும். உக்காருங்க."

இயக்குநர் உட்கார்ந்தார்.

நல்லமுத்து சொன்னார்: "ஒம்பது வயசுல இவன் வெங்காய மூட்டையக் கீழ போட்டான்னு கட்டி வச்சு அடிச்சேன். பாத்தா ஒண்ணும் நசுங்கல. அதுக்கப்புறமும் அடிச்சேன். சொல்லுங்க."

இயக்குநர் கலியபெருமாளிடம் திரும்பினார். "உங்கள் தந்தை தன் செயலுக்கு வருந்துகிறார்."

"நான் எங்க வருந்துனேன்? சொன்னத சொல்லுங்க சார்!"

இயக்குநர் சொன்னதைச் சொன்னார்.

கலியபெருமாள் தரையைப் பார்த்தபடியே, "கவுத்த அவுத்துவிட்டப்ப ஏன் அழுதாருன்னு கேளுங்க" என்றார்.

நல்லமுத்து சொன்னார்: "எங்கப்பன் என்னக் கட்டி வச்சப்ப அவுத்துவிட ஆளு வரல. அது ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லுங்க."

இதைச் சொல்ல இயக்குநர் வாயெடுத்தார். அதற்குள் மகன் பதில் சொல்லிவிட்டார். "நானும் அழுதுகிட்டேதான் கலாவ அடிச்சேன். இனிமே கை ஓங்க மாட்டேன்னு சொல்லுங்க சார்."

"அத சார்கிட்ட சொல்லாதீங்க," என்றார் தனம். "அவரு நாளைக்கி மெட்ராஸ் போயிருவாரு. எம்மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

கலியபெருமாள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"சரி. சித்திரை வரைக்கும் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு தனம் ஐந்து மணி பஸ்ஸில் எங்களோடு ஏறிவிட்டார்.

படத்தொகுப்பில் இயக்குநர் தன்னை முழுவதுமாக வெட்டிக்கொண்டார். திரையில் அப்பனும் மகனும் நேருக்கு நேர் மனம் திறந்து பேசுகிறார்கள். பார்த்தவர்கள் அந்த நேரடித்தன்மையைப் பாராட்டினார்கள்.

போகிறவர்களுக்கு: சுருள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குப் பிறகு பஸ்ஸை நம்பாதீர்கள். ஒரு வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேச விடுங்கள். நடுவில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

வைகாசிக் கடைசியில் தனம் எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். "நானும் கலாவும் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. யாரும் கை ஓங்கவில்லை. ஓங்கினால் எந்த பஸ் என்று எனக்குத் தெரியும். மாமனாரும் இவரும் இன்னும் நேராகப் பேசுவதில்லை. இப்போது நடுவில் கலா. கோபமாகச் சொன்னால் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டேன் என்கிறாள். திரும்ப ஒருதரம் நல்லபடியாகச் சொல்லச் சொல்கிறாள். இரண்டு பேரும் சொல்கிறார்கள்."