மூடியில்லாத காரும் ஒரு கரண்டி பொங்கலும்

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவள். வீடு பிளேஸ்டோவில். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கையில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அதற்குள்தான் என்னுடைய ஹொட் ரொட் நிற்கிறது. ஐம்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் என்ன வேலை என்று கேட்காத ஆட்கள் குறைவு. நகை பிடிக்கும் என்று சொன்னால் ஒருவரும் காரணம் கேட்பதில்லை. கார் பிடிக்கும் என்றால் மட்டும் விளக்கம் வேண்டுமாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய காரை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் அடங்காத ஒரு பெரிய எஞ்சினைப் பூட்டினால் அது ஹொட் ரொட். என்னுடையது நான் பிறப்பதற்கு முன்னரே பிறந்த ஓர் இங்கிலிஷ் கார். முன்மூடி கிடையாது, எஞ்சின் வெளியே தெரியும். அதன் தலையில் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர்கள் இரண்டு. அவற்றின் மேல் வானத்தைப் பார்த்தபடி இரண்டு உயரமான புனல்கள். ஒருநாள் பஸ்ஸோடு சிவப்பு விளக்கில் நிற்கும்போது இப்படி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. விளக்கு பச்சையானதும் அது கிளம்பிய சத்தம் என் இருக்கை வரைக்கும் ஏறியது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

என் கணவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதென்றாலும் அளந்துதான் போடுவார். "உமக்கு விசர்," என்றார். பிறகு தன் பழைய சேட்டுகளை எண்ணெய் துடைக்கக் கொண்டுவந்து தந்தார். காருக்கு அவர் வைத்த பெயர் 'அம்மணக் கார்'. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பகிடி பண்ணுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகள் வந்தது சத்தம் கேட்டுத்தான். முதன்முதலாக எஞ்சினை எழுப்பிய சனிக்கிழமை ஒழுங்கை முழுக்க ஜன்னல்கள் திறந்தன. பெரியவர்கள் முறைத்துவிட்டு மூடினார்கள். மூன்று பிள்ளைகள் மட்டும் கராஜ் வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு பேர் அடுத்த வீட்டு அக்காவும் தம்பியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான், ஆனால் தமிழில் 'அன்ரி', 'ஓம்' என்ற இரண்டு சொல்லும்தான் அவர்களிடம் ஒழுங்காக இருந்தன, மற்றதெல்லாம் இங்கிலிஷ். மூன்றாவது ஆள் எதிர்வீட்டுச் சின்னப்பெண், எட்டு வயது. தாயும் தகப்பனும் கோயம்புத்தூரில் இருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள். அவளுக்குத் தமிழுக்கும் குறைவில்லை, வாய்க்கும் ஓய்வில்லை.

"ஆன்ட்டி, இந்தக் காருக்கு மூடி எங்க?"

"கழட்டிப் போட்டன்."

"வீட்ல திட்டலையா?"

"திட்டினவர்."

"திட்டியும் போடலையா?"

"இல்லை."

அவள் கொஞ்ச நேரம் என்னை மரியாதையோடு பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மூவரும் வந்தார்கள். எஞ்சின் ஏன் சூடாகிறது, சூட்டைத் தண்ணீர் எங்கே கொண்டுபோகிறது, எண்ணெய் ஏன் கறுக்கிறது, கறுத்த எண்ணெயைக் குடித்தால் என்ன ஆகும் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிற பயணியிடம் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இவளிடம் வரவில்லை. அவள் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டதே இல்லை.

மூடி இல்லாத எஞ்சினில் பெல்ட் சுழல்வதும் காற்றாடி சுழல்வதும் கைக்கெட்டும் தூரத்தில். அதனால் கராஜில் ஒரு சட்டம் வைத்தேன். பஸ்ஸை எடுப்பதற்கு முன் சுற்றிவந்து எல்லாம் பார்க்கிற பழக்கத்தில் இருந்து வந்தது அது. திறப்பை, அதுதான் சாவியை, திருகுவதற்கு முன் நான் உரத்து, "எல்லாம் சரியோ?" என்று கேட்பேன். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் "சரி" சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் திறப்பு திரும்பாது. ஏன் சொல்லவில்லை என்று உண்மையைச் சொன்னால் ஏச்சு விழாது. இதை அவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தம்பிக்காரன் சில நாட்களில் வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு நின்று என்னைக் காக்க வைப்பான்.

இன்னொன்றையும் அவர்கள் பார்த்துப் பழகினார்கள். கிழமைக்கணக்காக நிற்கிற எஞ்சின் உடனே எழும்பாது. ஒரு தேக்கரண்டி பெற்றோலைப் புனலுக்குள் விட்டால் சட்டென்று பிடிக்கும். குசினியில் இருந்து எடுத்த ஒரு நீளக் கரண்டி அதற்கென்றே காரில் கிடந்தது. பெற்றோலை நான்தான் தொடுவேன், பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

ரோட்டில் ஓட்டுவதற்கு வேண்டிய சோதனைகள் எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான். எப்போது எங்களை ஏற்றிக்கொண்டு போவீர்கள்? பின் இருக்கையில் மூன்று பெல்ட் பூட்டியதே இவர்களுக்காகத்தான். ஆனால் என் கணவர் குறுக்கே விழுந்தார்.

"முருகனுக்குக் காட்டி எலுமிச்சம்பழம் நசிக்காமல் உதில ஒருத்தரும் ஏறக்கூடாது. நானும் ஏறமாட்டன்."

பிள்ளைகளின் தாய்மாரும் அதையே சொன்னார்கள். யாழ்ப்பாணமும் கோயம்புத்தூரும் ஒரு விஷயத்தில் இவ்வளவு வேகமாக ஒத்துப்போய் நான் கண்டதில்லை. ஆக, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வந்தால்தான் பிள்ளைகளுக்குச் சவாரி.

அந்தச் சனிக்கிழமை நான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் ரயிலில் வந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்தினேன். தண்ணீர் தெளிப்பார்களே என்று இரண்டு புனலையும் ஒரு துணியால் மூடினேன். அர்ச்சனை முடிந்து எல்லாருக்கும் கடதாசிக் கிண்ணத்தில் சக்கரைப் பொங்கல் கிடைத்தது. தாய்மார் உள்ளே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐயரைக் கூட்டிவரப் போனேன். என் கணவர் பிள்ளைகளோடு காரடிக்குப் போய், ரயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்கத் தொடங்கினார். அவர் வைப்பதென்றால் தெரியும்தானே. குனிந்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்து. உலகம் இடிந்து விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

ஐயர் வந்து காரை ஒருமுறை சுற்றினார்.

"பொனற்றைத் திறவுங்கோ அம்மா, எஞ்சினுக்கும் பொட்டு வைப்பம்."

"பொனற் இல்லை ஐயா."

ஐயர் எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், தண்ணீர் தெளித்தார், தேங்காய் உடைத்தார். கோயிலுக்கு வந்த சனமும் கூடிவிட்டது. பலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் துணியை இழுத்து எடுத்து மடித்தார். பிள்ளைகள் மூவரும் காருக்கு முன்னால், பழம் நசிவதைப் பார்க்க நல்ல இடமாகப் பிடித்து நின்றார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. கலியாணத்தில்கூட இவ்வளவு படபடக்கவில்லை.

"எல்லாம் சரியோ?" என்று கேட்டேன்.

"சரி," என்றாள் அக்கா. "சரி," என்றான் தம்பி.

எதிர்வீட்டுக்காரி பேசவில்லை.

பகிடி விடுகிறாள் என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டேன். அவள் எஞ்சினைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. "கெதியா எடுமப்பா, ஐயர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்," என்றார் என் கணவர். ஓயாத வாய் ஓய்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. திறப்பில் இருந்து கையை எடுத்தேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"ஆன்ட்டி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கரண்டி கொடுப்பீங்கல்ல. நீங்க மறந்துட்டீங்க. அதான் துணியைத் தூக்கி நாங்க கொடுத்தோம்."

"என்னத்தை?"

"பொங்கல். பெட்ரோல்தான் நாங்க தொடக்கூடாதே. ஆனா பெட்ரோல் உள்ள போயிடும். இது போகல ஆன்ட்டி. அப்படியே நிக்குது."

இறங்கிப் போய்ப் புனலுக்குள் பார்த்தேன். நெய் மினுங்க, பிளம்ஸ் எனும் உலர்திராட்சையோடு, முருகனுடைய பிரசாதம். மற்றப் புனலுக்குள்ளும் அதுவே. பக்கத்தில் என் நீளக் கரண்டி, நக்கித் துடைத்ததுபோலச் சுத்தமாக.

வாயில் என்னென்னவோ வந்தது. இரவிரவாக விரல் வெடிக்க வேலை செய்தவள் நான். ஆனால் உண்மையைச் சொன்னால் ஏச்சில்லை என்பது நான் போட்ட சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய தாய்க்கு அப்படியொரு சட்டம் இல்லை. கோயிலில் இருந்து வெளியே வந்த தாய் விஷயம் தெரிந்ததும் அந்த இடத்திலேயே பிள்ளையைத் திட்டினாள். பிள்ளை அழவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழத்தை நசிக்க எஞ்சின் வேணுமெண்டு எங்கேயும் சொல்லேல்லை," என்றார் ஐயர், சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி. "தள்ளுங்கோ."

தள்ளினார்கள். ஐயர், என் கணவர், போனைப் பையில் வைத்துவிட்டு வந்த சனம், எல்லாரும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நாலு பழமும் நசிந்தன. பிறகு பாரவண்டி ஒன்றைக் கூப்பிட்டு, குங்குமப் பொட்டோடு காரை ஏற்றிக்கொண்டு பிளேஸ்டோவுக்கு வந்தோம். வழி நெடுகக் கணவர் நல்ல காலத்துக்குப் பகிடி விடவில்லை.

அடுத்தநாள் காபரேற்றர்களைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கும். பெடலை மிதித்தால் அது திறக்கும், காலை எடுத்தால் மூடும். அது மூடினால்தான் கார் அடங்கும். முதலாவதில் சோறும் பிளம்ஸும்தான், துடைத்து எடுத்தேன். இரண்டாவதில் தகட்டின் மேல், சரியாக அதன் விளிம்பில், ஒரு முழு மரமுந்திரிகைப் பருப்பு இருந்தது. மெதுவாகத் தகட்டைத் திறந்தேன். பருப்பு இடுக்கில் சறுக்கியது. விட்டேன். தகடு மூடவில்லை. பருப்பு அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டது.

கையைத் துடைக்காமல் கராஜ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பழத்தின் மேல் ஏற்றுவதற்கு நான் மிதித்திருப்பேன். காலை எடுத்தும் கார் அடங்கியிருக்காது. இவ்வளவு பெரிய எஞ்சின், முன்னால் மூன்று பிள்ளைகள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தகட்டைத் தானே ஒருதரம் திறந்து பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்காவும் தம்பியும் மட்டும் வந்தார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. கராஜில் கேள்வி இல்லை. எனக்கு வேலையே ஓடவில்லை. பருப்பை ஒரு கடதாசித் துண்டில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தாய்தான் திறந்தாள். "மன்னிச்சிடுங்கக்கா. இனிமே அவளை அனுப்ப மாட்டேன். எவ்வளவு ஆசையா செஞ்ச காரு, கெடுத்துட்டா."

"கார் ஒண்டும் கெடேல்லை," என்றேன். பருப்பைக் காட்டினேன். அது எங்கே இருந்தது, என்ன செய்திருக்கும் என்பதை அலங்காரம் இல்லாமல் சொன்னேன். "எல்லாரும் என்னைக் கெதியா எடு, கெதியா எடு எண்டவை. சரி சொல்லாமல் நிண்டது உங்கட பிள்ளை ஒராள்தான். அவள் வாய்க்கு வந்தபடி சரி எண்டிருந்தால் இண்டைக்கு நான் உங்கட முகத்தில முழிச்சிருக்க ஏலாது."

தாய் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள். கடதாசியில் இருந்த பருப்பைத்தான் முதலில் பார்த்தாள்.

"அது என்னோட முந்திரி ஆன்ட்டி. என் கிண்ணத்துல ஒண்ணுதான் இருந்துச்சு. நான் சாப்பிடாம அதுக்குக் கொடுத்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் தலையைத் தடவினேன். கையில் எண்ணெய் இருந்தது, அவள் தலையிலும் பட்டிருக்கும்.

அதற்கடுத்த சனிக்கிழமை கராஜ் நிறைய ஆட்கள். தாய்மார் இரண்டு பேரும் வாசலில். முன் இருக்கையில் என் கணவர், பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. பின்னால் அக்காவும் தம்பியும். நடுவில் ஓர் இடம் காலி. அதற்குரியவள் இன்னும் ஏறவில்லை.

"எல்லாம் சரியோ?"

"சரி." "சரி." கண்ணைத் திறக்காமலே என் கணவரும் "சரி" என்றார்.

"இருங்க ஆன்ட்டி," என்றாள் அவள். பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, டோர்ச் அடித்து ஒரு புனலைப் பார்த்தாள். இறங்கி, பெட்டியை மற்றப் பக்கம் இழுத்து, மற்றப் புனலையும் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. டோர்ச்சை அணைத்து என்னிடம் தந்துவிட்டு, பின்னால் ஏறிப் பெல்ட்டைப் பூட்டினாள்.

"இப்போ சரி."

நான் திறப்பைத் திருகினேன்.