இன்ஜின் சூடு

லாரி ஓட்டும் அந்த மனுஷனைக் கூட்டாளிகள் 'சாமியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு இறக்கும் ஊர்களில் மற்றவர்கள் அறை தேடிப் போவார்கள். இவன் வண்டியை விட்டு இறங்க மாட்டான். கல்யாணமான புதிதில் மனைவியிடம், "உன்னத் தவிர எவ கூடயும் படுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். வண்டிக்கே வந்து வாயால் முடித்துவிட்டுப் போகிறவளை அவன் அந்த வாக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். படுத்தால்தானே துரோகம், படுத்தால்தானே நோய்? ஆணுறையை நீட்டியவளிடம், "இதுக்கெதுக்கு?" என்று சிரித்தும் இருக்கிறான். நல்ல சாமியார்!

மனைவி மாசமாக இருந்தபோது அவன் உறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. இன்னொரு டிரைவரிடம் மெல்லக் கேட்டான்.

"இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கோம்ல, சூட்டுப் புண்ணுதான். பவுடர் போடு, தண்ணி நெறைய குடி."

அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் இன்ஜின் சூடுதான். புண் தானாக ஆறியது. பவுடருக்கு நல்ல பெயர். ஆறுவதற்கு முன்பே அவன் வீட்டுக்குப் போய் மனைவியோடு இருந்துவிட்டு வந்திருந்தான்.

எட்டாம் மாதம் குழந்தை செத்துப் பிறந்தது. ரத்தம் சோதித்த டாக்டரம்மா அவனை வார்டுக்குள் கூப்பிட்டார்.

"உங்க மனைவிக்கு சிஃபிலிஸ், பால்வினை நோய். மூணாம் மாசச் சோதனைல இல்ல. நடுவுலதான் வந்திருக்கு. உங்களுக்கு வெளியில பழக்கம் உண்டா?"

"சத்தியமா இல்லீங்க." பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

கட்டிலருகே நின்ற அவனுடைய அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள சுத்தம்னா, நீ எங்கடி வாங்கிட்டு வந்தே?"

கட்டிலில் கிடந்தவள் மாமியாரைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். பால் சுரந்து மேல்சட்டை நனைந்திருந்தது. குடிக்கத்தான் பிள்ளை இல்லை. அவனுக்கு அப்போதுதான் அந்தப் புண் நினைவுக்கு வந்தது. பேசாமல் நின்றால் பழி முழுக்க அவள் தலையில்தான் விழும்.

"அவள ஒண்ணும் சொல்லாதம்மா. டாக்டர், நான் படுக்கலீங்க... வாயால மட்டும். அதுல நோய் வராதுன்னு நெனச்சேன். புண்ணு வந்துச்சு, சூடுன்னு விட்டுட்டேன்."

"அதுவும் உறவுதான். வாய்ல புண்ணிருந்தா அப்படியும் ஒட்டும்," என்றார் டாக்டரம்மா.

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகளைக் கேட்ட கேள்வி அந்த அறையில் அப்படியே நின்றது.

"ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாச் சரியாயிடும்," என்று டாக்டரம்மா தொடர்ந்தார்.

மனைவி அப்போதுதான் பேசினாள். "அவருக்குப் புண்ணு வந்தப்பவே ரெண்டு பேரும் போட்டிருந்தா?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொழந்தை பொழச்சிருக்கும்மா."