பலகையில் ஒரு கால்

லுசேர்ன் ஏரிக்கரையில் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிகிறது. அன்னங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நின்ற இடத்தில் என் வீட்டுக்காரரைக் காணோம். காலையிலிருந்து அந்தப் பழைய மரப்பாலத்தைப் படமெடுத்தே பிலிம் ரோலைத் தீர்க்கிற மனிதர். மறுபடி அங்கேதான் போயிருப்பார்.

நாங்கள் ஏற வேண்டிய கப்பல் சங்கு ஊதுகிறது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் ஏறுபலகையில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நிற்கிறேன். ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை இப்படித்தான் நிறுத்துவேன். கண்டக்டர் திட்டுவார், ஆனால் விசில் ஊத மாட்டார்.

இந்தக் கப்பலின் வெள்ளைச் சட்டைக்காரர் திட்டவேயில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, உள்ளே வாருங்கள் அல்லது இறங்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்.

“ஹஸ்பெண்ட் கமிங்,” என்கிறேன். பதற்றத்தில் மிச்சம் தமிழில் வருகிறது. “அவிய இந்தா வந்துருவாவ. செத்த நேரம் பொறுங்கய்யா, குடியா முழுகிப் போயிரும்?”

அவர் பலகையின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். பாஷை தெரியாத ஊரில் வீட்டுக்காரரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? இரண்டு பாஸ்போர்ட்டும் என் பையில் இருக்கின்றன. காலைக் கரைக்கு எடுக்கிறேன். பலகை உள்ளே போகிறது. நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போகிறது.

“ஏட்டி!”

கப்பலின் மேல்தளத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

“ஏட்டி, அங்கன என்ன செய்யுத? ஏறலையா?”

அவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அதில் எனக்கு இடம் பிடித்து, தன் துண்டை விரித்துப் போட்டிருக்கிறார்.