மாடிப்படிக்குக் கீழே ஒரு வைஃபை

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு இருட்டு புதிதில்லை. கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வேலை நிற்கும், அவருக்கு அப்போதுதான் ஆரம்பமாகும். இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கும் பெட்டிக்குள் யாராவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். கதவிடுக்கில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல," என்பார். சொல்லிவிட்டு மோட்டார் அறையைத் தேடி மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பொய்தான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு சீராக அந்தப் பொய் போதும்.

வெளியே இப்படிப் பேர் எடுத்தவர் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். வீட்டுக்குள் மதிப்பும் கொஞ்சம் மட்டம்தான்.

வீட்டம்மா, தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்கும் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே புகார் கேட்கிறார். காலையில் முகம் தெரியாதவர்கள் கொதித்துப்போய் அழைப்பார்கள், ஆறிப்போய் வைப்பார்கள். கல்யாணமான நாள் முதல் ஒருவர் கோபத்தையே தணித்துக் கைதேர்ந்தவருக்கு ஊர்க் கோபம் எம்மாத்திரம்? பிள்ளைகள் வளர்ந்து போனபின் தானாகத் தேடிக்கொண்ட வேலை. அதில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு.

இடைஞ்சல் கரண்ட்தான். நேரம் காலம் பார்க்காமல் போகும். லைன் அறுந்தால் வாடிக்கையாளர் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார். பாட்டு முடிவதற்குள் திரும்பாவிட்டால் அழைப்பு வேறு ஆளுக்குப் போகும், வீட்டம்மா பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழும்.

"இன்னொரு புள்ளி விழுந்தா உங்க சீட்டை வேற ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் மேடம்," என்று மேலாளர் சொல்லிவிட்டார். மேடம் என்று சொல்லித்தான் சொன்னார்.

"லேப்டாப்புல பேட்டரி இருக்கு. ரூட்டருக்குத்தானே கரண்ட் வேணும்? நான் பாத்துக்கறேன்," என்றார் ரிப்பேர்காரர்.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்ன குழாய் இன்னும் ஒழுகுது."

லிஃப்ட் அவசர விளக்கிலிருந்து கழித்துப்போட்ட பேட்டரிகள் அவரிடம் இருந்தன. பேட்டரி பன்னிரண்டு வோல்ட், ரூட்டருக்கு வேண்டியதும் பன்னிரண்டு. ஆனால் புதிதாக சார்ஜ் ஏறிய பேட்டரி கொஞ்சம் துள்ளும், ரூட்டர் தாங்குமோ தாங்காதோ என்று, பன்னிரண்டைத் தாண்டவிடாமல் பிடித்துவைக்கும் ரெகுலேட்டர் ஒன்றை நடுவில் வைத்தார். விரல் நகம் அளவு, மூன்று கால். அது தன் பங்காக இரண்டு வோல்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உள்ளே விட்டது. பல அலுவலக வாசல்களில் பார்த்த சுபாவம்தான். ரூட்டர் கண் விழிப்பதும் மயங்குவதுமாக இருந்தது.

சரி என்று இரண்டு பேட்டரிகளை வரிசையாகக் கோத்தார். இப்போது வந்தது இருபத்து நான்கு. ரெகுலேட்டர் பாதியை ரூட்டருக்குக் கொடுத்து, பாதியைச் சூடாக்கித் தள்ளியது. அதன் முதுகில் அலுமினியத் தகடு ஒன்றைத் திருகினார். தகடும் சுட்டது.

வீட்டம்மா தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "இது ரூட்டருக்கா, இஸ்திரி போடவா?"

"வேலை செய்யுதா பாரு."

வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது, வைஃபை அசையவில்லை. வீட்டம்மா முகத்தில் வெகுநாள் காணாத ஒரு மரியாதை தெரிந்தது. ரிப்பேர்காரர் அதை நன்றாக அனுபவித்தார்.

அடுத்த வாரம் நிஜமாகவே கரண்ட் போனது. ஒருவர் புது ஃபில்டரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார், பாதிக் கத்தலில் லைன் அறுந்தது.

"ஏங்க!"

ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. ரிப்பேர்காரர் அதைப் பார்த்தபடி நின்றார். சோதித்தபோது அவர் இறக்கியது தன் வீட்டு சுவிட்சை மட்டும். கட்டடத்துக்கே இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, அன்றைக்கு அதற்குக் கரண்ட் இருந்தது. இப்போது இல்லை. லிஃப்டுக்குள் விளக்கு எரிகிறது என்பதற்காக அது ஓடிவிடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்.

"லேப்டாப்பை எடுத்துக்கிட்டு கீழ வா," என்றார். பேட்டரிகளையும் ரெகுலேட்டரையும் ரூட்டரையும் அள்ளிக்கொண்டு இறங்கினார்.

படிக்குக் கீழே, வயரைப் பல்லால் உரித்து, அந்தப் பெட்டியையும் அதே ரெகுலேட்டரில் மாட்டினார். அதற்கும் பன்னிரண்டு வோல்ட்தான், பிழைத்தார். ரூட்டரைப் பக்கத்தில் வைத்துச் சொருகினார். சிவப்பு தயங்கித் தயங்கிப் பச்சையானது. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த வீட்டம்மாவின் லேப்டாப்பில் லைன் திரும்பியபோது பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது.

"வணக்கம் சார். மன்னிக்கணும், சொல்லுங்க."

இரண்டு சுமை விழுந்ததும் தகடு கொதித்தது. இனிச் சூடேறினால் ரெகுலேட்டர் தானாகவே படுத்துவிடும். கிடைத்த அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

படியிறங்கி வந்த, அதே கட்டடத்துத் தையல்காரர் நின்றார். "என்ன அண்ணே பண்றீங்க?"

"கரண்டுக்கு வேர்க்குது," என்றார் மெதுவாக.

ஸ்பீக்கரில் வாடிக்கையாளர் கேட்டார்: "ஏம்மா, குரல் எதிரொலிக்குதே. கிணத்துக்குள்ள இருந்தா பேசறீங்க?"

"ஆபீஸ் கொஞ்சம் பெரிசு சார்."

"மறுபடியும் வெச்சுட்டுப் போயிடுவீங்களா?"

"நான் இங்கதான் இருக்கேன் சார், எங்கயும் போகல."

ரிப்பேர்காரரின் விசிறிய கை ஒரு கணம் நின்றது. அந்த வார்த்தையை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. வேலைக்கு வெளியே சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று தோன்றியதுமில்லை. வீட்டம்மா யாரிடம் கற்றார்? யாரிடமும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தவிக்கும்போது வாயில் வருவது அதுதான் போலிருக்கிறது. ஒரு வித்தியாசம், வீட்டம்மா அதைச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போகவில்லை.

வீட்டம்மா பேச்சை நிறுத்தாமலே, தகட்டின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

ரிப்பேர்காரர் விசிறினார். கரண்ட் வரும்வரை அவரும் எங்கேயும் போகவில்லை.