பதில் கூ

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூ என்றால் இரண்டு விதம். மலையில் மூட்டம் இறங்கி ஆளை ஆள் தெரியாமல் போனால், வழி தவறியவர் நீட்டி ஒரே ஒரு கூ கொடுப்பார். கேட்டவர் சும்மா இருக்கக்கூடாது. அதே மாதிரி நீட்டி ஒன்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் நடக்க வேண்டும். அதற்குப் பதில் கூ என்று பெயர். இன்னொன்று கூத்திலும் பந்தயத்திலும் கூட்டமாகச் சேர்ந்து வெட்டி வெட்டி அடிப்பது. அது கேலி. இந்த வித்தியாசம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் குழப்பிக்கொண்ட பாவிகள் நாங்கள். அதில் முதல் பாவி காளியாயி மதினிதான் என்று லிந்துலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

காளியாயி மதினிக்கும் எங்களுக்கும் ஒரே லயம், அந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் புருசன் செல்லசாமி அண்ணன் பாக்டரியில் வேலை. அண்ணன் வாயில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். மீதியை எல்லாம் மதினி பேசிவிடுவாள். கொழுந்து பறிப்பதில் அவள் கைக்கு ஈடு உண்டு. தொண்டைக்கு ஈடு கிடையாது. மூட்டம் இறங்கும் நாளில் மலை உச்சியில் நின்று அவள் ஒரு கூ கொடுத்தால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கீக்கணக்கு லயத்தில் நாய் எழுந்து நிற்கும். நாற்பது பெண்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். "என்னா மதினி, தொண்டையில பாக்டரி சங்க வச்சு தச்சிட்டாங்களா?" என்று நான் கேட்டால், "ஆமாடா மூக்கா, ஒன் மூக்குல மிச்சம் இருந்த ஓட்டையில அளவெடுத்தாங்க" என்பாள். அப்படி ஒரு மனுசி.

எங்கள் தோட்டத்தில் மேக்கணக்கு, கீக்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அடியில் ஓடை, எதிரே செங்குத்தாக ஒரு பாறை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த துரை ஒருத்தருக்கு என்ன தோன்றியதோ, பழைய டிரம்மும் பியூகிளும் வாங்கிக்கொடுத்து இரண்டு கணக்குக்கும் இரண்டு பேண்ட் கோஷ்டி அமைத்தார். வருசா வருசம் தீபாவளிக்கு மறுநாள் பாக்டரி மைதானத்தில் போட்டி. வரிசையாக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கால் தப்பினாலும் தாளம் தப்பினாலும் தோல்வி. நான் மேக்கணக்கில் சின்ன டிரம். கீக்கணக்கில் பியூகிள் ஊதுகிறவன் ஆண்டியப்பன்.

ஆண்டியப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், ஒல்லி, அதிகம் பேச மாட்டான். ஆனால் பியூகிளை வாயில் வைத்தால் வேறு ஆள். கடைசிச் சுரத்தை அப்படியே நீட்டி, அறுத்த மாதிரி நிறுத்துவான். அந்த ஒரு சுரத்துக்காகவே மூன்று வருசம் நாங்கள் தோற்றோம். மூன்று வருசம்! எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்.

ஐம்பத்தைந்தாம் வருசப் போட்டி. மழை விட்ட நேரம் பார்த்து மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். எங்கள் முறை முடிந்தது, கீக்கணக்கு வந்தது. ஆண்டியப்பன் கடைசிச் சுரத்தை எடுத்தான். நீட்டினான். நுனியில் அது உடைந்துபோய்விட்டது. போன வாரம் கவ்வாத்துக் குச்சி தெறித்து அவன் உதடு கிழிந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருப்போம் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

முதல் கூவை அடித்தது காளியாயி மதினி. அது உண்மை. அவள் அடித்ததும் மைதானமே பிடித்துக்கொண்டது. அவன் இன்னொரு தரம் ஊதிப் பார்த்தான், மறுபடி உடைந்தது. நாங்கள் விடவில்லை. துரைகூடச் சிரித்தார். ஆண்டியப்பன் பியூகிளைப் புல்லின்மேல் வைத்தான். தூக்கிப் போடவில்லை, பச்சைப்பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல வைத்தான். வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே நடந்தான். அதற்கும் ஒரு கூ அடித்தோம்.

வாசிக்க வந்தவனைக் கூ அடிக்கலாமா என்று பிற்பாடு எத்தனையோ தடவை எங்கள் லயத்தில் சண்டை வந்திருக்கிறது. சபைக்கு வந்தவன் கைதட்டலும் வாங்குவான், கூவும் வாங்குவான், அதில் என்ன தப்பு என்று ஒரு கட்சி. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணி வைவதை வருசம் முழுக்கக் குனிந்து கேட்கிற சனத்துக்கு அந்த ஒரு நாள்தானே வாய் திறக்கிற நாள் என்று இன்னொரு கட்சி. அந்தக் கட்சியில் நானும் இருந்தேன். நியாயம் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் துரையைக் கூ அடித்தோமா? கணக்கப்பிள்ளையை அடித்தோமா? நமக்குக் கிடைத்தது ஆண்டியப்பன், நம்மைப் போலவே காலில் செருப்பில்லாதவன். வெட்கங்கெட்ட வீரம்.

மைதானத்திலிருந்து கோப்பையோடு லயத்துக்கு வந்தோம். மணி ஐந்து இருக்கும். மூட்டம் இறங்கி எதிர் மலையே தெரியவில்லை. மதினி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் பதினைந்து பேர் கூடி, பிளேன்டீ குடித்துக்கொண்டு, ஆண்டியப்பன் மூஞ்சி போன போக்கை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது பள்ளத்துப் பக்கமிருந்து கூ என்று ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று.

மதினி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கப் பார்த்தாள், சிரிப்பு அடங்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஒத்தக் கூ மாதிரி இருக்கு மூக்கா. யாரோ கூப்பிடுறாங்க" என்றாள்.

"ஒத்தக் கூவா? மூணு நாலு கேக்குதே! கீக்கணக்கு ஆளுக பள்ளத்துல நின்னுக்கிட்டு நமக்குத் திருப்பி அடிக்கிறாங்க மதினி. விடாதீங்க, போட்டு வாங்குங்க!"

அவள் காதோரம் சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

மதினி ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். எழுந்து நின்று, வெட்டி வெட்டி அவள் அடித்த கூவுக்குப் பதினைந்து பேரும் சேர்ந்துகொண்டோம். பள்ளத்திலிருந்து மறுபடி வந்தது. மறுபடி அடித்தோம். மூன்றாம் தடவை பள்ளம் சத்தமில்லாமல் இருந்தது. "ஓடிட்டானுக" என்று நான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

எதிரே இருக்கிற பாறையில் பட்டு ஒரு கூ மூன்றாகத் திரும்பும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆண்டியப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத குறுக்குப் பாதையில் போயிருக்கிறான். ஓடைப் பாறையில் கால் வழுக்கி, இடுப்பு முறிந்து விழுந்து கிடந்திருக்கிறான். அவன் பெண்சாதி அழகம்மா, புருசன் கோபித்துக்கொண்டு தலவாக்கலையில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்து இருந்துவிட்டாள். காலையில் வேலைக்குப் போன ஆட்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். மத்தியானம்வரை உயிர் இருந்தது. பெண்சாதியிடம் அவன் சொன்னது ஐந்து வார்த்தை.

"கூப்பிட்டேன். கூ அடிச்சாங்க. அப்பறம் கூப்பிடல."

இந்தப் பேச்சு மேக்கணக்குக்கு வந்தபோது மதினி தண்ணீர்ப் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. எழவு வீட்டுக்குப் போனவளை அழகம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னும் அடிக்கப் பாக்கி இருக்கா? அடிச்சிட்டுப் போ" என்றாள். மதினி திரும்பி வந்தாள். மூக்கன்தான் தூண்டிவிட்டான் என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேயும் சொல்லவில்லை, பிற்பாடும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இஸ்தோப்பில் அத்தனை சிரிப்பில் என் பேச்சு வேறு யார் காதிலும் விழுந்திருக்கவில்லை.

அதோடு மதினியின் கூ நின்றது. பேச்சும் பாதி நின்றது. அந்த லயத்தில் செல்லசாமி அண்ணன் பேச ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டம் இறங்குகிற நாளில் ஐந்து மணியானால், எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டுப் பள்ளத்து ஓரத்தில் போய் நிற்பாள். கேட்டால், "கூப்பிடுறான்" என்பாள். எங்களுக்கு ஓடைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. அண்ணன் கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடிக்க வைத்தார், வேப்பிலை அடித்தார்கள். மதினி ஆடவும் இல்லை, பேசவும் இல்லை. எல்லாம் முடிந்து எழுந்தவள், "பேய் பிசாசு எதுவும் இல்ல. பதில் வரலன்னு நிக்கிறான், அவ்வளவுதான்" என்றாள்.

"அப்ப குடுத்துத் தொலைங்களேன் மதினி, ஒரு பதில் கூ!" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். பயம் எனக்கு.

"கேலின்னு நெனச்சிட்டா?" என்றாள்.

எட்டு வருசம் போயிற்று. பேண்ட் கோஷ்டி கலைந்து, டிரம் தோல் கிழிந்து ஸ்டோரில் கிடந்தது. நான் கொழுந்துக் கங்காணி ஆனேன். அறுபத்து மூன்றில் இரண்டு கணக்கையும் ஒன்றாக்கி, கீக்கணக்குப் பெண்களையும் என் பெரட்டுக்கு மாற்றினார்கள். அப்படி வந்தவர்களில் அழகம்மாவும் ஒருத்தி. அவளும் மதினியும் ஒரே மலையில் பறித்தார்கள். முகம் பார்த்ததில்லை.

கார்த்திகை மாசம் ஒரு நாள், நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கிறபோது பார்த்தால் அழகம்மாவைக் காணோம். பள்ளத்து ஓரத்துத் தேயிலை நிரை அவளுக்கு. பேர் சொல்லிக் கத்தினோம். மூட்டத்தில் பேர் பத்தடி போகாது. கூ கொடுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்து எட்டு வருசமாக யாருமே கூ கொடுத்ததில்லை, தோட்டத்தில் அது ஒரு எழுதாத சட்டமாகிவிட்டது. நானே ஒன்று கொடுத்துப் பார்த்தேன். கரகரவென்று காலடியிலேயே விழுந்தது.

எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள்.

"என்னால ஆகாது" என்றாள்.

"ஆகாதுன்னா? இன்னொரு உசுரு போகட்டும்கிறீங்களா?" என்று வைதேன். அவளை வைய எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? ஆனாலும் வைதேன்.

மதினி கூடையை இறக்கினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மூச்சை இழுத்து, பள்ளத்தைப் பார்த்து நீட்டி ஒரு கூ கொடுத்தாள். எட்டு வருசம் அடைத்துக் கிடந்த தொண்டை. பாறையில் பட்டு மூன்று தரம் திரும்பி அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் பாட்டுக்கு இறங்க ஆரம்பித்தோம். தண்ணீர்க் கானைத் தாண்டி இருபது அடி வைத்திருப்போம், இடது கைப் பக்கமிருந்து பதில் கூ வந்தது. நீண்டு, ஒற்றையாக. நுனியில் கொஞ்சம் உடைந்தது.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாறை இடுக்கில் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள் அழகம்மா. ஓரடி தள்ளிப் போயிருந்தால் ஓடைதான்.

"நல்லவேள தாயி, பதில் கூ குடுத்த" என்றேன்.

"யாரு குடுத்தா?" என்றாள். "இவ கூப்பிட்டு நான் பதில் குடுப்பனா? செத்தாலும் வாய தொறக்கக்கூடாதுன்னு முந்தானையக் கடிச்சிக்கிட்டுல்ல கெடந்தேன்!"

முந்தானை நனைந்து, பல் பட்ட தடத்தோடு அவள் கையில் இருந்தது. நான் மதினியைப் பார்த்தேன். அவள் ஓடைப் பக்கம் திரும்பி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அழகம்மா, அன்னைக்கு மதினி சரியாத்தான் கேட்டாங்க. கூப்பிடுறாங்கன்னு சொன்னாங்க. கேலின்னு சொல்லித் தூண்டுனது நான்" என்று கொட்டிவிட்டேன்.

அழகம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதினியைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கூவ அன்னைக்கே குடுத்திருக்கலாமேடி" என்றாள்.

"குடுத்திருக்கலாம்" என்றாள் மதினி. சொல்லிவிட்டு உட்கார்ந்து, முதுகைக் காட்டி, "ஏறு" என்றாள். அழகம்மா ரொம்ப நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். லயம்வரை மதினி யாரையும் தொடவிடாமல் தூக்கிவந்தாள்.

அதற்குப் பிறகு மதினி பள்ளத்து ஓரத்துக்குப் போகவில்லை. கேட்கவில்லையாம். பழையபடி மலை உச்சியில் நின்று கூ கொடுக்கிறாள், என் மூக்கையும் விட்டுவைப்பதில்லை.

இப்போது அந்தக் கூ கேட்பது எனக்கு. மூட்டம் இறங்கி ஐந்து மணியானால், நீண்டு, நுனி உடைந்து வருகிறது. ஓரத்தில் போய் நின்று பதில் கொடுக்கத்தான் பார்க்கிறேன். மூச்சை இழுத்து, வாயைத் திறந்தால், என் தொண்டையிலிருந்து வெட்டி வெட்டித்தான் வருகிறது.