பத்து மணி விரல்கள்

எங்கள் வீட்டில் வாதம் இரண்டு பேருக்கு இருந்தது. அப்பாவுக்கு முழங்காலில், எனக்கு விரல்களில். அப்பாவின் வாதத்துக்கு நல்ல மரியாதை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ஐம்பத்தைந்து வயது. நொண்டிக்கொண்டு வந்தால் உட்காரக் கதிரை இழுத்துப் போடுவார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு வந்ததற்குச் சோம்பல் என்று பெயர். காலையில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் நின்றால், "படிச்ச பிள்ளையெல்லே, கை நோகும்தானே" என்று பக்கத்து வீட்டு மாமி அன்போடு சொல்லுவார். எந்த வயதிலும் இது வரும் என்று டாக்டர் சொன்னதை என்னைத் தவிர எவரும் நம்பவில்லை.

என் விரல்கள் நேரம் தவறாதவை. விடியும்போது விறகு, பத்து மணிக்கு விரல். ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளர் வேலைக்குச் சோதனை வைத்தார்கள், காலை எட்டரைக்கு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். கதிரையில் இருந்து செய்யும் வேலை எங்கள் வம்சத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை. ஆகவே சோதனையைப் பத்து மணிக்கு வைக்கும்படி, காரணம் காட்டி, மிகப் பணிவாகக் கடிதம் எழுதினேன். பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.

"உமக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு, ஐயா."

"அப்ப வாதம் வர இன்னும் முப்பது வருசம் கிடக்கு. எட்டரைக்கு வாரும்."

சோதனையன்று முதல் பஸ்ஸில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனேன். வாளி வாளியாக ஊற்றினால் விரல்கள் மனம் இரங்கலாம் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் சனம் அங்கே போவது பெரும்பாலும் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் காரியம் செய்ய. அன்றும் ஒரு கூட்டம் நின்றது. அதில் அந்தக் கந்தோர்ப் பியோனும் இருந்தார். வேட்டியும் ஈரத் தலையுமாக நின்ற நான் சிரித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மரியாதை தெரியாத மனுசன் என்று நினைத்தேன். சாவுக் காரியத்தில் எவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது படித்த எனக்கு மறந்துபோயிருந்தது.

வெந்நீர் கொடுத்ததைப் பஸ்ஸின் காற்றுத் திருப்பி வாங்கிக்கொண்டது. கந்தோரில் பெரிய கிளாக்கர் எழுந்து நின்று, தானே எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி. அப்பா நல்ல மனுசன்."

"ஐயா, அப்பா..."

"கதைக்காதையும். ஆறுதலா இரும். சோதனையைப் பத்து மணிக்கு வைப்பம்."

பியோன் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்போதுதான் விளங்கியது. நான் காரியத்துக்குக் குளித்தேன் என்று எண்ணி, அப்பா செத்துவிட்டார் என்று இவர் கந்தோரில் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருக்கும் ஒருவனின் வருத்தம் வாங்கித் தராத பத்து மணியை ஒரு சாவு வாங்கித் தந்திருந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சூட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி இருந்தேன். என் நேர்மையும் பத்து மணிக்குப் பிறகுதான் இளகும் சாதி.

ஒரு பக்கம் தட்டி முடித்த பிறகு சொன்னேன்.

"ஐயா, அப்பா இருக்கிறார்."

"எங்க?"

"வீட்டில. முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு."

"பின்ன என்னத்துக்குக் கன்னியாவில குளிச்சனீர்?"

"கடிதத்தில எழுதியிருக்கிறன், ஐயா."

கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தார். முதல் தரம் முழுதாக வாசிக்கிற முகம். பிறகு நான் தட்டிய தாளில் பிழை தேடினார். ஆசையோடு தேடியும் கிடைக்கவில்லை.

"திங்கட்கிழமை வாரும்," என்றார் கடைசியில். "பத்து மணி வரைக்கும் பைல் அடுக்கும். பிறகு தட்டும்."

வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"துறைமுகத்தில எனக்கும் கதிரையில இருந்து செய்யிற வேலை வேணும். நாளைக்கு நான் போய்க் குளிக்கட்டோ?"

"வாயைக் கழுவுங்கோ!" என்றார் அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து.

சனிக்கிழமை அப்பாவும் நானும் சேர்ந்தே கன்னியாவுக்குப் போனோம். முழங்காலுக்கும் விரலுக்கும் ஒரே வாளி. கிணற்றடியில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் இருவரையும் பார்த்தார்கள், அம்மாவைக் காணவில்லை என்பதையும் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, சொல்லாமல் போய்விட்டார்கள்.