பேரையூர் பஸ்ஸும் பார்க்காத முடிவுகளும்

நேற்று மேட்னி ஷோவில், வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டிப்போட்ட நேரம், பின்வரிசையில் யாரோ எழுந்ததில் நாற்காலி ‘டப்’பென்று மடங்கியது. எனக்கு அது அப்பாவின் சத்தம்.

சின்ன வயதில் பேரையூரிலிருந்து மதுரைக்கு வந்துதான் படம் பார்ப்போம். கடைசிச் சண்டை தொடங்கியதும் அப்பா எழுந்துவிடுவார். “எந்திரி, அஞ்சரை பஸ் போயிரும்.” பஸ்ஸில் ஏறியபின், “அப்புறம் என்னப்பா ஆகியிருக்கும்?” என்று கேட்டால், “என்ன ஆகும், ஜெயிச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார்.

மறுநாள் பள்ளியில் பையன்கள் கதை கேட்பார்கள். முடிவை நானே கட்டினேன். கடத்தப்பட்ட பெண்ணை ஒருமுறை கண்டக்டரை அனுப்பி மீட்டேன். என் எழுத்து அங்கேதான் தொடங்கியது. பக்கத்து பெஞ்சுக்காரன் மட்டும் சந்தேகப்பட்டான். “ஏன் மாப்ள, நீ சொல்ற அம்புட்டுப் படத்துலயும் ஹீரோ கடைசில பஸ்ஸேறிப் போறான்?”

இப்போது ஒத்தக்கடையில் வாடகை வீடு, கல்யாணமாகி எட்டு மாதம். ஆபீஸ் விட்டு வந்து நான் எழுதும் கதைகளைப் படித்த மனைவி, “நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாமே பாதியில நிக்குதே” என்றாள். முடிவு எப்படி வைக்கிறார்கள் என்று கடைசிவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லி அவள்தான் நேற்று டிக்கெட் எடுத்தாள்.

நாற்காலி மடங்கிய சத்தம் அடங்குவதற்குள் நான் எழுந்து பையைத் தோளில் மாட்டியிருந்தேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உட்காருங்க. பைக்குலதான வந்தோம்.”